வேன்ல ராத்திரி கரண்டு: சோலாரா, ஜெனரேட்டரா?

18 ஜனவரி 2024, இரவு 9.50

திண்டுக்கல் நண்பர் கேட்டிருக்கார்: "பழைய டெம்போ டிராவலர் ஒண்ணு வாங்கி சீட்டைக் கழட்டிட்டு பெட் போட்டாச்சு. குடும்பத்தோட அங்கங்க நிறுத்தித் தங்குறதா பிளான். ராத்திரி கரண்டுக்கு சோலார் போடவா, ஜெனரேட்டர் வாங்கவா? கதை வேணாம், ஒரே வார்த்தைல சொல்லுங்க."

ஒரே வார்த்தைல: புளியமரம்.

19 ஜனவரி, காலை 6.15

நேத்து சொன்னதுக்கு ரெண்டு பேர் கோவிச்சிருக்காங்க. கேலி பண்ணல, நெசமாவே அதான் பதில்.

மதுரைல வெயில்ல கொண்டுபோய் வேன நிறுத்துற ஆள் யாரு? எந்த ஊருக்குப் போனாலும் டிரைவர் கண்ணு மொதல்ல தேடுறது மரத்தத்தான். புளியமரம், வேப்பமரம், அதுவும் இல்லாட்டி கோயில் மதில் ஓரத்து நிழல். நிழல்ல நிறுத்தினா கூரை மேல இருக்குற சோலார் பேனல் தூங்கும். வெயில்ல நிறுத்தினா பேனல் வேலை செய்யும், வேன் பணியாரச் சட்டியாயிரும். தகரக் கூரை பகல்ல வாங்குன சூட்ட ராத்திரி பத்து மணி வரைக்கும் உள்ள எறக்கிக்கிட்டே இருக்கும். ஒரு ஃபேன் போதும்ங்கிற எடத்துல ரெண்டு ஃபேன் ஓடும். வெயில்ல சம்பாதிச்சத வெயிலுக்கே கட்டுற கதை.

எங்கிட்ட ரெண்டும் இருக்கு, அதனால எந்தக் கட்சியும் கெடையாது. 12 சீட்டு வண்டி, செகண்ட் ஹேண்டு. மேல 335 வாட் பேனல் ஒண்ணு. உள்ள 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி (12 வோல்ட், ஆசிட் உள்ளது), 2012 கரண்டு கட்டு காலத்துல வீட்டுக்கு வாங்கின யு.பி.எஸ். (அப்ப வாங்காத வீடு எது?). பின்னால ஒரு 2 கே.வி.ஏ. பொட்டி ஜெனரேட்டர், அதுவும் பழசு.

எங்க ராத்திரிச் செலவு இது, வாட்-மணி கணக்குல. ஆயிரம் சேந்தா ஒரு யூனிட். கரண்டு கம்மியா இழுக்குற 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் ரெண்டு, ஒம்பது மணி நேரம் ஓடினா 540. லைட்டு மூணுக்கு 75. போன் நாலுக்கு 60. மாமனாருக்குத் தூக்கத்துல மூச்சு நிக்கிற தொந்தரவு, சிபாப் மெஷின் மாட்டிக்கிட்டுத்தான் படுப்பார். அதுல தண்ணி சூடாக்குற பகுதிய அணைச்சு வச்சா 30 வாட், எட்டு மணி நேரத்துக்கு 240. ஆக மொத்தம் 915, ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. 335 வாட் பேனல் நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணேகால் யூனிட் தரும். அப்ப சோலாரே தாராளம், ஜெனரேட்டர் தண்டம்.

19 ஜனவரி, மதியம்

யு.பி.எஸ். தானே தின்னுறத விட்டுட்டேன். ஒண்ணும் மாட்டாம ஆன்ல கெடந்தாலே என்னுது 15 வாட் திங்குது. ராத்திரிக்கு 135. ஆக ஒரு யூனிட்டத் தாண்டிருச்சு. இருந்தாலும் பேனல் தாங்கும்.

22 ஜனவரி

விருதுநகர் தம்பி கேக்குறார், சார்ஜ் கன்ட்ரோலர் (பேனல் கரண்டப் பக்குவமா பேட்டரிக்கு விடுற பொட்டி) என்ன வகைன்னு. பி.டபிள்யூ.எம்., 800 ரூபாய், ரெண்டு வருசமா ஓடுது. "அண்ணே, அப்ப உங்களுக்குப் பேனல்ல மூணுல ஒரு பங்குதான் வரும்"ங்கிறார். தம்பி, என் பேனல் என் கூரைல இருக்கு, நீங்க விருதுநகர்ல இருந்துக்கிட்டு அளக்குறீங்க.

27 ஜனவரி, ஞாயிறு இல்ல சனி, மதியம் 12.40

தம்பி, மன்னிச்சுக்கங்க.

ஆம்பியர் அளக்குற கிளாம்ப் மீட்டர் எரவல் வாங்கி மொட்ட வெயில்ல வண்டி மேல ஏறி அளந்தேன். 8.7 ஆம்பியர், பேட்டரி 13.1 வோல்ட். பெருக்கினா 114 வாட். 335 எங்க, 114 எங்க.

காரணம் இதான். என் பேனல் வீட்டு மாடிக்குப் போடுற 72 செல் பேனல், 38 வோல்ட்டுல வேலை செய்யுறது. பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் அத இழுத்துட்டு வந்து பேட்டரி வோல்ட்டுல கட்டிப் போட்டுருது. ஆம்பியர் மட்டும் பேட்டரிக்குப் போகுது, மிச்ச 25 வோல்ட் காத்துல போகுது. கோவேறு கழுதைய வாங்கிப் பூனை பாரத்த ஏத்தினாப்ல ரெண்டு வருசம் ஓட்டியிருக்கேன். எம்.பி.பி.டி. கன்ட்ரோலர்னா அந்த வோல்ட்ட எறக்கி ஆம்பியரா மாத்திக் கொடுக்கும்.

வெல பாத்து மலைச்சுத்தான் அப்ப வாங்கல. பேனலுக்கு 10,500 கொடுத்தவனுக்குக் கன்ட்ரோலருக்கு 6,000 கொடுக்க மனசு வரல.

3 பிப்ரவரி

டவுன்ஹால் ரோட்டுல எம்.பி.பி.டி. வாங்கி மாட்டியாச்சு. மதியம் 19 ஆம்பியர். சுமாரா 255 வாட்.

"335 போட்டுருக்கே, 255தான் வருதா"ன்னு வீட்ல கேக்குறாங்க. அந்த 335ங்கிறது செல் சூடு 25 டிகிரில இருக்கும்போது அளந்த கணக்கு. என் கூரை மேல மதியம் கைய வச்சா தோல் பொசுங்குது, செல்லு 65 டிகிரிக்கு மேல இருக்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் நூத்துக்கு 0.4 வாக்குல கொறையும், அதுலயே 16 போச்சு. மிச்சம் தூசி, ஒயரு. கரண்டுக்கு வெளிச்சம் வேணும், சூடு வேணாம். நமக்கு ரெண்டையும் சேத்துத்தான் கடவுள் கொடுத்திருக்கார். பேனலுக்கும் கூரைக்கும் நடுவுல நாலு விரக்கடை இடைவெளி விட்டு மாட்டுங்க, காத்துப் போகட்டும்.

6 பிப்ரவரி

ஏ.சி. பத்திக் கேக்குறவங்களுக்கு மொத்தமா ஒரு பதில். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. எட்டு மணி நேரம் ஓடினா அஞ்சு, ஆறு யூனிட் ஆகும், அதுவும் வீட்டுச் சுவருக்குள்ள. தகர டப்பாக்குள்ள இன்னும் கூட. நம்ம வண்டிக் கூரைல பெரிய பேனல் ரெண்டுக்கு மேல எடமில்ல, ரெண்டும் சேந்து ரெண்டரை யூனிட். ஏ.சி. இல்லாம தூங்க மாட்டோம்னா ஜெனரேட்டர், இல்ல லாட்ஜ். லாட்ஜ் மலிவு.

ஆனா ரெண்டு ஃபேனுக்காக ஜெனரேட்டர் ஓட்டுறது மகா பாவம். என்னுது பாதி லோடுல, 800 வாட் இழுத்தா, நாலு லிட்டர் அஞ்சரை மணி நேரம் வருது. யூனிட் தொண்ணூறு ரூபாய்க்கு மேல. 100 வாட் மட்டும் இழுத்தா அதே நாலு லிட்டர் ஒம்பது மணி நேரம். யூனிட் 450 ரூபாய்! இஞ்சின் தான் சுத்துறதுக்கே பெட்ரோல் குடிக்குது, நம்ம ஃபேனுக்குச் சிந்துறது மிச்சம். பங்க்ல கேன்ல பிடிக்கப் போனா அந்தப் பையன் ஏதோ பஸ் கொளுத்தப் போறவனப் பாக்குற மாதிரி பாக்குறான், அது வேற.

10 மார்ச் 2024

சிவராத்திரிக்கு (8ஆம் தேதி) உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலுக்குப் போய் ரெண்டு ராத்திரி தங்கிட்டு வந்தோம். நம்ம பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. பொட்டக் காடு, ஒரு கோயில், ஒரு போர், சுத்தி நாப்பது வேன். கேம்பிங்னு இப்ப பேர் வச்சிருக்காங்க, நாம வம்சம் வம்சமா பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம்.

காலைல பதினோரு மணிக்குப் போய்ச் சேந்தோம். நான் வெட்டவெளில நிறுத்தப் போனேன். மாமியார் எறங்கவே இல்ல. "ஏம்ப்பா, மனுசன் உக்காரவா, தகடு உக்காரவா?" புளியமரத்தடிக்குப் போச்சு வண்டி. சாயங்காலம் வரைக்கும் 2 ஆம்பியர், 3 ஆம்பியர். எலை சந்து வழியா வெயில் பொட்டுப் பொட்டா விழுறதப் பாத்து, கொஞ்சமாச்சும் வருமேன்னு நெனச்சேன். அப்படி இல்ல. பேனல்ல செல்லு எல்லாம் வரிசையா கோத்தது, ஒரு செல்லுல நெழல் விழுந்தா அந்த வரிசையே மடங்கும். மூணு வரிசை, மூணுலயும் நெழல்.

ராத்திரி மூணு மணிக்கு யு.பி.எஸ். கீ கீன்னு கத்துச்சு. ஃபேன் நின்னத நான் பெருசா எடுத்துக்கல. மாமனார் எந்திரிச்சு உக்காந்து மொகத்துல இருந்த மாஸ்க்கக் கழட்டிக் கைல வச்சுக்கிட்டு, ஒண்ணும் சொல்லாம என்னப் பாத்தார். 915ன்னு உங்களுக்கெல்லாம் கணக்கு எழுதுனேனே, அந்தக் கணக்கு அப்படியே கண்ணு முன்னால வந்துச்சு. 150 ஆம்பியர் பேட்டரி எழுத்துல 1.8 யூனிட். பாதிக்கு மேல எறக்கினா டியூபுலர் சீக்கிரம் செத்துரும்னு பாதிய விட்டா 0.9. அதையும் நெழல்ல நெறப்பல.

ஜெனரேட்டர எறக்கி நாப்பதடி தள்ளி வச்சு கயித்த இழுத்தேன். யாராவது சண்டைக்கு வருவாங்கன்னு பயம். ஒருத்தன் திரும்பல. கோயில்ல மைக் செட்டு, உறுமி, அதுக்குன்னு மினி லாரில வந்த பெரிய ஜெனரேட்டர். அந்தச் சத்தத்துல என்னுது கொசு.

ரெண்டாம் நாள் வண்டிய வெயிலுக்கு மாத்தினேன். மாமியார் புளியமரத்தடிலயே பாய விரிச்சுட்டாங்க.

11 மார்ச்

"பேனல கீழ எறக்கி வெயில்ல வைக்க வேண்டியதுதானே, வண்டி எதுக்கு நகரணும்?" கோவை அக்கா கேட்டது. 22 கிலோ, ஆறரை அடி நீளம், கண்ணாடி. ஆனா கேள்வி சரி. மடக்குற பேனல் ஒண்ணு கூடுதலா வாங்கி நீள ஒயர் போடலாமான்னு பாக்குறேன்.

20 ஏப்ரல்

சேலத்துல ஒருத்தர் பேனலத் தெக்கப் பாத்துச் சாய்க்கலையான்னு கேட்டிருக்கார். மதுரை பத்து டிகிரி அட்சத்துல இருக்கு, சாய்க்கணும்னாலும் பத்து டிகிரிதான். படுக்கப் போட்டா வருசத்துக்கு நூத்துக்கு ரெண்டு கூட நட்டமில்ல. சித்திரை 3 வாக்குல நம்ம ஊர்ல மதியம் நெழலே காலுக்கடியில போயிரும், அதுக்கப்புறம் ஆவணி 10 வரைக்கும் உச்சி வெயில் நமக்கு வடக்க நிக்கும். அப்ப தெக்க சாய்ச்சா தப்பான பக்கம். தண்ணி வழிய ரெண்டு விரக்கடை சாய்ப்பு போதும்.

இது தெரியாம பழைய வண்டிக்கு லிஃப்ட் வச்ச ஸ்டாண்டு செஞ்சேன். பட்டறைல 4,500 வாங்குனாங்க. இப்ப மாடில துணி காயுது அதுல.

26 ஏப்ரல்

23ஆம் தேதி அழகர் ஆத்துல எறங்குனதப் பாத்துட்டு வந்து உக்காந்திருக்கேன், தலைப்ப விட்டு வெலகுறேன், பொறுத்துக்கங்க.

எங்க அப்பா ரேடியோ செட்டு வச்சிருந்தார். குழாய் ஸ்பீக்கர், டியூப் லைட்டு, ஒரு மண்ணெண்ணெய் ஜெனரேட்டர். பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடேறுனதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தணும். மாத்துறது என் வேலை. சீக்கிரம் மாத்தினா தும்மி நின்னுரும், பந்தல் இருட்டாயிரும், அப்பா பாக்குற பார்வை இருக்கே. அந்த மண்ணெண்ணெய்ப் புகை வாசம்னா எனக்கு இன்னைக்கும் திருவிழா. சோலார்ல வாசமும் இல்ல, சத்தமும் இல்ல. நல்லதுதான். ஆனா ஓடுதான்னு நம்பிக்கையே வர மாட்டேங்குது, மீட்டரப் போய்ப் போய்ப் பாக்குறேன்.

அந்தக் காலத்துல அழகரப் பாக்கக் கூண்டு வண்டில வந்து வைகைக் கரைல அவுத்துப் போட்டுச் சமைச்சுத் தங்கினவங்கதான் நம்ம ஆளுங்க. அதுக்கு அரிக்கேன் வெளக்கு போதுமா இருந்துச்சு.

19 மே

கொடைக்கானல். இ-பாஸ் 7ஆம் தேதில இருந்து வந்துருச்சு, எடுத்துட்டுப் போங்க, கேக்குறாங்க. பூம்பாறைப் பக்கம் தெரிஞ்சவர் தோட்டத்துல நிறுத்தினோம்.

மூணு விசயம்.

ஜெனரேட்டர் மலைல மூச்சு வாங்குது. ஒவ்வொரு 300 மீட்டர் ஏறவும் நூத்துக்கு மூணரை வாக்குல பலம் போகும்னு படிச்சது கண்ணால பாத்தாச்சு. கீழ 1600 வாட் இழுக்குற மெஷின் 2000 மீட்டர் உயரத்துல இண்டக்‌ஷன் அடுப்ப 1200ல வச்சதும் இருமி கறுப்புப் புகை விட்டுச்சு. காத்து கம்மி, பெட்ரோல் அதே அளவு போகுது, பின்ன என்ன பண்ணும். தோட்டக்காரர் வந்து, "எட்டு மணிக்கு மேல வேணாம் சார், காட்டெருமை வர்ற எடம், சத்தம் போட்டா மெரளும்"னார்.

மதியத்துக்கு மேல மஞ்சு எறங்கிருச்சு, பேனலும் படுத்துருச்சு. ஆனா கொடைக்கானல்ல எவன் ஃபேன் போடுவான்? லைட்டு, சிபாப், போன், முடிஞ்சது. வெயில் கம்மியான எடத்துல தேவையும் கம்மி. வெயில் ஜாஸ்தியான எடத்துல வருமானமும் ஜாஸ்தி. இதுல ஒரு நியாயம் இருக்கேன்னு குஷியாயிட்டேன்.

மூணாவது, எறங்கும்போது கொண்டை ஊசி வளைவுல பேட்டரி ஆசிட் கசிஞ்சு மிதியடியத் தின்னுருச்சு. ஊருக்கு வந்து தூக்கிப் பாத்தா அடில தகரம் பொரிஞ்சு கெடக்கு. டியூபுலர் பேட்டரி வீட்டு மூலைல அசையாம நிக்கிறதுக்குச் செஞ்சது. 55 கிலோ வேற.

30 ஜூன்

லித்தியம் வாங்கிட்டேன். 12.8 வோல்ட் 100 ஆம்பியர், 1.28 யூனிட். 12 கிலோ, ஒத்தக் கைல தூக்கலாம். எழுத்துல டியூபுலர விடச் சின்னது, ஆனா நூத்துக்குத் தொண்ணூறு வரைக்கும் எறக்கலாம், அதனால நெசத்துல பெருசு. வெல சொல்ல மாட்டேன், வீட்ல இத வாசிக்கிறாங்க.

14 ஜூலை

யாரும் இப்படிப் பண்ணிராதீங்க. வண்டி ஓடும்போதே லித்தியம் சார்ஜ் ஆகட்டும்னு டைனமோல இருந்து நேரா ஒயர் இழுத்துக் கொடுத்தார் ஒரு எலக்ட்ரீசியன். வத்தலக்குண்டு தாண்டலை, ரப்பர் கருகுற வாசம். லித்தியம் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கும், போதும்னு சொல்லத் தெரியாது. டைனமோ தன் முழுப் பலத்தையும் கொடுத்துக் கொடுத்து வெந்துருச்சு. வத்தலக்குண்டுல ஒரு பகல் முழுக்க மெக்கானிக் செட்டு வாசல்ல உக்காந்து பலாச்சுளை தின்னோம்.

நடுவுல டி.சி.-டி.சி. சார்ஜர்னு ஒண்ணு போடணும். 30 ஆம்பியருக்கு மேல விடாது. இப்ப போட்டாச்சு. மணிக்கு 400 வாட்-மணி வாக்குல ஏறுது. மதுரைல இருந்து கொடைக்கானல் மூணரை மணி நேரம், போய்ச் சேரும்போது ஒரு ராத்திரிக் கரண்டு கைல இருக்கு. சோலாரா ஜெனரேட்டரான்னு அடிச்சுக்கிட்டு இருந்தோமே, ஜெனரேட்டர் பானெட்டுக்கு அடிலயே இருந்திருக்கு!

(இதுக்கு ஆர்.டி.ஓ. என்ன சொல்வாங்கன்னு கேட்டவருக்கு: 2019 ஜனவரில உச்ச நீதிமன்றம் கம்பெனி கொடுத்த அமைப்ப மாத்தக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. சீட்டு, பாடி, சேஸ்ல கைய வைக்குறதுக்கு முன்னால ஆபீஸ்ல போய்க் கேட்டுக்கங்க.)

11 ஆகஸ்ட்

அழகர்கோயில். குரங்கு. பேனல் ஒயர் கனெக்டரப் புடுங்கி, வாயில வச்சுக் கடிச்சுப் பாத்து, பிடிக்காம எம்மேல எறிஞ்சுச்சு. பி.வி.சி. பைப்புக்குள்ள ஒயர விடணும்.

1 செப்டம்பர்

"கமுதில 648 மெகாவாட் பிளாண்ட் ஓடுது, மதுரைக்காரன் ஒரு ஃபேனுக்கு இவ்வளவு எழுதுறான்"னு பரமக்குடில ஒருத்தர். அங்க பேனலத் துடைக்க ரோபோ இருக்கு அண்ணே. இங்க எம் பையன், துடைப்புக்குப் பத்து ரூபாய். மூணு வாரம் துடைக்காம விட்டுத் துடைச்சப்ப 15 ஆம்பியர் 18 ஆச்சு, அதனால பத்து ரூபாய் நியாயந்தான். சாயங்காலம் துடைக்கச் சொல்லுங்க, கொதிக்கிற கண்ணாடில பச்சத் தண்ணி ஊத்தக் கூடாது.

27 அக்டோபர்

25ஆம் தேதி மழைல மதுரை செல்லூர் மெதந்துச்சு, எங்க வேனுக்குள்ளயும் மெதந்துச்சு. பேனல் ஸ்டாண்டுக்குக் கூரைல போட்ட எட்டு ஓட்டைல ரெண்டு. எம்-சீல் வெயில்ல வெடிச்சுருந்துச்சு. பெட்டு ரெண்டும் காயப் போட்டுருக்கு, வெயில் எங்க?

17 நவம்பர்

கம்பத்துல சித்தப்பா திராட்சைத் தோட்டத்துல மூணு நாள். மே மாசம் எழுதுன நியாயத்த வாபஸ் வாங்கிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகைய மறந்துட்டேன். மேகம் மூடியிருக்கு, புழுங்குது, கொசு. ஃபேன் வேணும், வெயில் இல்ல. மதியம் 3 ஆம்பியர், நாள் பூரா கால் யூனிட். வண்டி நகரல, அதனால டைனமோவும் உதவாது.

ஜெனரேட்டர்தான் காப்பாத்துச்சு. வெளிய வச்சா மழை. அதனால பின் கதவத் தூக்கி, அதுக்கடியில படிக்கட்டு ஓரமா வச்சு ஓட்டினேன். சொட்டுப் படல. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓடுச்சு. வீட்ல காலைல ஒரே தலைவலி, அந்த உறுமல் பக்கத்துல இருந்தா எவனுக்குத் தூக்கம் வரும்.

ஜெனரேட்டர விக்காதீங்க, மழைக்காலத்துக்கு வேணும்.

5 ஜனவரி 2025

நவம்பர் 17ல எழுதுனத யாராவது பாத்துட்டு அதே மாதிரி பண்ணியிருந்தா, நிறுத்துங்க.

டிசம்பர் 23ஆம் தேதி கேரளாவுல வடகரைல ரோட்டோரம் நின்ன கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கெடந்தாங்க. ராத்திரி ஜெனரேட்டர ஓட விட்டு ஏ.சி. போட்டுத் தூங்கியிருக்காங்க. கோழிக்கோடு என்.ஐ.டி. ஆளுங்க அதே வண்டியில ஓட்டிப் பாத்திருக்காங்க. ஜெனரேட்டர்ல இருந்து கார்பன் மோனாக்சைடு அடித்தளத்து ஓட்டை வழியா உள்ள ஏறி, ரெண்டு மணி நேரத்துல 957 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காத்துல 957 பங்கு). அதுக்கு நெறமில்ல, வாசமில்ல. மண்ணெண்ணெய்ப் புகைன்னா எனக்கு மூக்குல தெரியும்னு ஒரு தைரியம் இருந்துச்சு. இது தெரியாது.

எங்க வண்டிலயும் தரைல ஓட்டை இருக்கு. ஆசிட் தின்ன எடம். மேல மிதியடிய மாத்திப் போட்டு மூடி வச்சிருந்தேன். பின் கதவு வேற தெறந்து கெடந்துச்சு.

வீட்ல அந்தத் தலைவலி. மாமனாரும் ஒரு மாதிரி கெறக்கமா இருக்குன்னார், வயசுன்னு நெனச்சோம்.

செய்திய வாசிச்சுட்டு வீட்ல போனை எங்கிட்ட நீட்டுனாங்க, அவ்வளவுதான். ரெண்டு பேரும் அன்னைக்கு ஒண்ணும் பேசிக்கல.

6 ஜனவரி

ஓட்டைக்கு வெல்டிங் வச்சாச்சு. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வாங்கித் தலமாட்டுல மாட்டியாச்சு. ஜெனரேட்டர் ஓட்டினா வண்டிய விட்டு இருபது அடிக்கு மேல தள்ளி, காத்து அடிக்கிற தெசைக்குக் கீழ்ப்பக்கம், முழிச்சிருக்கும்போது மட்டும். மழை பேஞ்சா ஓட்டக் கூடாது, விசிறி மட்டை போதும். மார்ச்சுல நாப்பதடி தள்ளி வச்சவன் நவம்பர்ல படிக்கட்டுல வச்சிருக்கேன், எட்டு மாசத்துல புத்தி போன தூரம்.

25 ஜனவரி

ஜெனரேட்டர வித்துட்டேன். மேலூர்க்காரர், திருவிழாவுல ஜூஸ் கடை போடுறவர். இப்ப மடக்கு பேனல் 200 வாட், 10 மீட்டர் ஒயர், கோவை அக்கா சொன்ன மாதிரியே. ரெண்டாவது லித்தியம் ஒண்ணும் வாங்கினேன். மூணு நாள் மழைக்கு இப்பவும் பதில் கெடையாது. மூணு நாள் மழைன்னா வீட்டுக்குத் திரும்பிருவோம்.

28 பிப்ரவரி 2025

நேத்து முந்தின நாள் சிவராத்திரி, அதே கோயில், அதே புளியமரம். வண்டி நெழல்ல, பேனல் கம்மங்கொல்லைல, நடுவுல ஒயர். மாமியார் ஒண்ணும் சொல்லல. பேனல்கிட்ட ஆடு போகாம பாத்துக்க எம் பையன், அதுக்கு இருபது ரூபாய். பத்து மணி வாக்குல எங்க பிளக் பாக்ஸ்ல பதினாலு போன், அதுல நாலு யாருதுன்னே தெரியல.

பதினோரு மணிக்கு ஒருத்தர் ஓடி வர்றார். பாத்தா மேலூர் ஜூஸ் கடைக்காரர். கூட்டம் நிக்குது, ஜெனரேட்டர் கயிறு அறுந்து போச்சு, வித்தவர் நீங்கதான, ஏதாச்சும் பண்ணுங்கங்கிறார். அந்தக் கயித்துல உள்ள ஒரு முடிச்சு இருந்துச்சு. விக்கும்போது நான் சொல்லல, இங்கயும் சொல்லல.

ஒயர இழுத்து அவர் கடைக்குக் கொடுத்தேன். லைட்டு ரெண்டு, 750 வாட் மிக்ஸி. மிக்ஸி ஒவ்வொரு தடவ சுத்தும்போதும் என் வண்டி லைட்டு கண்ணச் சிமிட்டும். ஒரு சாத்துக்குடி ஜூஸுக்கு அரை நிமிசம், ஆறேழு வாட்-மணிதான் ஆகுது, நெனச்சதுல கால்வாசி கூட இல்ல. விடியக்காலம் நாலு மணி வரைக்கும் ஓடுச்சு. மாமனார் மெஷினும் நிக்கல. பேட்டரி நூத்துக்கு 30ல நின்னுச்சு.

காசு வாங்கல. குடும்பத்துக்கு ஆளுக்கு ரெண்டு ஜூஸ்.

1 மார்ச்

ஜெனரேட்டர் கயிறு டவுன்ஹால் ரோட்டுல 60 ரூபாய். வாங்கி மேலூர் பஸ்ல கொடுத்து விட்டாச்சு.

திண்டுக்கல் நண்பர் ஆளையே காணோம், கடைசில என்ன வாங்கினீங்க?